சாலையில் கொட்டிய பெங்களூர்

அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கியபோது சம்பங்கிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. தெரிந்த மனுஷர் ஒருவர் ஆங்கிலத்தில் கவிதை எழுதி, பெங்களூரில் ஒரு பதிப்பகம் அதைப் பளபளவென்று போட்டிருக்கிறது என்றால் யாருக்குத்தான் பெருமையாக இருக்காது? ‘சாலையில் கொட்டிய பெங்களூர்’ என்று ஆங்கிலத்தில் தலைப்பு, அதன் கீழே சுபாஷ் என்று பெயர். முதல் பக்கத்தைப் புரட்டினாள். ‘பெங்களூரைச் சுமந்து, பெங்களூரைக் கொட்டிவிட்டு வந்த என் தந்தைக்கு’ என்று சமர்ப்பணம் போட்டிருந்தது.

அந்த வரியை அவள் மறுபடி படித்தாள். தலைப்புக் கவிதை எந்தப் பக்கம் என்று தேடி எடுத்தாள். தமிழில் சொன்னால் அது இப்படி இருந்தது:

அப்பா பெங்களூரை லாரியில் ஏற்றினார்.
ஆலை வாசலில் வரிசை நகரவே இல்லை.
வேண்டாம், திருப்பிக் கொண்டுபோ என்றார்கள்.
வரும் வழியில் பெங்களூரைச் சாலையில் கொட்டினார்.
மாடுகள் வந்து பெங்களூரைத் தின்றன.
மிச்சத்தை லாரிகள் நசுக்கிப் போயின.
வீட்டுக்கு வந்து கை கழுவினார், கழுவினார்.
வாசம் போகவில்லை.

அடப்பாவி! அது அவள் எழுதிய கவிதை. லாரி அவள் அப்பா கோவிந்தப்பன் வாடகைக்குப் பிடித்த லாரி. கை அவள் அப்பாவின் கை. காவேரிப்பட்டணம் பக்கத்துத் தோப்புக்காரர் அவர். லோடைக் கொட்டிவிட்டு வந்த அந்த வருஷத்துக்குப் பிறகு மாங்காயைப் பற்றி வாயே திறக்காமல், இரண்டு கோடைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரைப் பற்றி இந்த உலகத்தில் யாராவது ஏதாவது எழுதியிருந்தார்கள் என்றால் அது இந்த எட்டு வரியும் இதற்கு அப்புறம் வரும் நாலு வரியும்தான். அந்தக் கடைசி நாலு வரி புத்தகத்தில் இல்லை. வார்த்தையைத் திருடினான், சரி, போய்த் தொலையட்டும். ஊரான் அப்பனைத் திருடி ‘என் தந்தைக்கு’ என்று போடுவானா ஒருத்தன்?

சுபாஷ் எப்படித் தெரிந்தவர் என்று சொல்லிவிடுகிறேன். ஓசூரில் ஒரு பெரிய கம்பெனிக்கு ஹெச்.ஆர். மேனேஜர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், அப்பா பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர். ராமநாயக்கன் ஏரிப் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆங்கிலத்தில் கவிதை எழுதுகிறவர்கள் ஐந்தாறு பேர் கூடுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு அவர்தான் தலை. சம்பங்கி எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு, வண்டிப் பாகங்கள் செய்யும் வேறொரு கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கிறாள். ஜெர்மனிக்காரனுக்கும் ஜப்பான்காரனுக்கும் ‘தாமதத்துக்கு வருந்துகிறோம்’ என்று நாள் முழுக்க ஆங்கிலத்தில் எழுதி எழுதி, வருத்தம் என்ற சொல்லே அவளுக்குப் புளித்துப் போயிருந்தது. அதனால்தான் கவிதைக்குப் போனாள். இந்தக் கவிதையைக் கூட்டத்தில் வாசிக்கக்கூட இல்லை. அழுதுவிடுவோமோ என்ற பயத்தில், கையால் எழுதிய தாளை சுபாஷிடம் கொடுத்து, பார்த்துச் சொல்லுங்கள் சார் என்றாள். அடுத்த வாரம் எல்லார் முன்னாலும் அவர் சொன்னது இது:

“ஃபீலிங் இருக்கு சம்பங்கி. ஆனா இங்கிலீஷ் வீக். ஸ்பெல்லிங்கே தப்பு தப்பா இருக்கு, பாத்துக்கிடுங்க.”

கூட்டம் லேசாகச் சிரித்தது. தாள் திரும்பி வரவில்லை. சம்பங்கி அவமானத்தில் அதற்கப்புறம் பூங்காப் பக்கமே போகவில்லை. எந்த ஸ்பெல்லிங் என்று மட்டும் அவள் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது.

இப்போது புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேரே அவர் ஆபீசுக்குப் போனாள். புத்தகத்தின் பின்னட்டையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்காரர்கள் எல்லாருடைய பாராட்டும் வரிசையாக அச்சாகியிருந்தது. சாட்சிக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள் என்பது வழியிலேயே புரிந்துவிட்டது.

சுபாஷ் ஏ.சி. அறையில் உட்காரவைத்து டீ சொன்னார். மனுஷர் பதறவே இல்லை.

“இது என் கவிதை சார்,” என்றாள் சம்பங்கி. “எங்கப்பா கதை. என் கையெழுத்துல உங்களுக்குக் குடுத்தேன்.”

“எத்தனையோ பேர் எத்தனையோ பேப்பர் தர்றாங்க,” என்றார் அவர், நிதானமாக. “உங்ககிட்ட ஒரு மேட்டர் இருந்திருக்கலாம். அதைக் கவிதை ஆக்கினது யாரு? கடைசியில உப்பு, மிளகாப்பொடின்னு என்னத்தையோ எழுதியிருந்தீங்க, அதையெல்லாம் வெட்டினது யாரு? ஏம்மா, பெங்களூருக்கு ஸ்பெல்லிங் தெரியாம, முதல் எழுத்தைப் பெருசாப் போடணும்னுகூடத் தெரியாம எழுதியிருந்தீங்க. ஒரு தடவை இல்ல, வர்ற இடமெல்லாம்! உக்காந்து ஒண்ணொண்ணாத் திருத்தினவன் நான்.”

சம்பங்கி வாயைத் திறந்தாள். அது ஊர் இல்லை சார் என்று சொல்லத்தான் திறந்தாள்.

கிருஷ்ணகிரிச் சீமையில் பெங்களூரா என்றால் மாங்காய். நுனி வளைந்து, கெட்டித் தோலோடு, கூழ் ஆலைக்கு லோடு லோடாகப் போகிற மாங்காய். காவேரிப்பட்டணத்தில் சின்னப் பிள்ளைகூட வாய் தவறி அதைப் பெங்களூர் என்று சொல்லாது. அந்த மாங்காய்க்கு ஆங்கிலப் புத்தகங்களில் வேறு பெயர் இருப்பது சம்பங்கிக்குத் தெரியாததல்ல. அப்பா வாயில் வந்த பெயரைத்தான் வைப்பேன் என்று பிடிவாதமாகச் சின்ன எழுத்தில் பெங்களூரா, பெங்களூரா என்று எழுதினாள். திருநெல்வேலிக்காரர் அதை ஊர் என்று நினைத்து, கடைசி எழுத்தைத் திருத்தி, முதல் எழுத்தைப் பெரிதாக்கி, அப்பாவின் லாரியில் ஒரு நகரத்தையே ஏற்றிவிட்டார். மாங்காய் என்று காட்டிக்கொடுக்கும் நாலு வரியையும் தன் கையாலேயே வெட்டியிருக்கிறார். அவர் கண்ணில் அதெல்லாம் கத்துக்குட்டியின் உளறல்.

இதெல்லாம் அவளுக்கு ஒரே நொடியில் விளங்கியது. விளங்கியதும் வாயை மூடிக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தையை அப்படியே விழுங்கினாள்.

“சரிங்க சார்,” என்றாள். “நீங்க சொல்றதும் நியாயந்தான். டீ நல்லா இருந்துச்சு.”

தன் கம்பெனி கேன்டீனில் வீரலட்சுமியிடம் மட்டும் சொன்னாள். வீரலட்சுமி மதுரைக்காரி, பக்கத்து மேசை, கோபத்துக்குப் பேர் போனவள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தே விட்டாள்.

“சும்மாவா வந்த? அவென் சட்டையப் பிடிச்சு உலுக்கியிருக்க வேணாமாடி? இப்பவே ஃபேஸ்புக்குல போட்டுக் கிழி. நான் ஷேர் பண்றேன்.”

“போட்டா என்னா ஆவும்? ரெண்டு நாளு பேசுவாங்க. அவரு இங்கிலீஷ்ல நீட்டி மொழக்கி ஒரு பதில் எழுதுவாரு. நான் பொறாமை புடிச்சவள்னு ஆயிடும்.”

“அப்ப விட்டுருவியா?”

“விடறதா?” சம்பங்கி சிரித்தாள். தள்ளி வைத்த தட்டை வீரலட்சுமி பக்கமே நகர்த்தினாள். “இது தை மாசம். ஆனி வரட்டும். பழுத்தாத்தானே ருசி?”

அதற்கப்புறம் சம்பங்கி மாதிரி நல்ல ரசிகை சுபாஷுக்குக் கிடைத்ததில்லை. பெங்களூர் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் மதிப்புரை வந்தது. மாடுகள் பெங்களூரைத் தின்னும் அந்த ஒரு வரியில் இந்திய ஆங்கிலக் கவிதை வயதுக்கு வந்துவிட்டது என்று எழுதியிருந்தார்கள். சம்பங்கி அதை முதல் ஆளாக அவருக்கு அனுப்பி வாழ்த்துச் சொன்னாள். அவர் பதிலுக்குக் கைகூப்பும் படம் அனுப்பினார். ஒரு பரிசுக்கு அவர் பெயர் போயிருக்கிறது என்று தெரிந்தபோதும் வாழ்த்தினாள். ஒவ்வொரு வாழ்த்துக்கும் அவளுக்கு வயிறு எரிந்தது. எரியட்டும் என்று விட்டாள். பாவமாக இருக்கவில்லையா என்று கேட்பீர்கள். இருக்கவில்லை. ராத்திரி படுத்தால் ‘என் தந்தைக்கு’ என்ற இரண்டு வார்த்தைதான் கண்முன் நின்றது. அது நிற்கிறவரைக்கும் பாவமாவது, புண்ணியமாவது!

வைகாசியில் மாதேஸ்வரனுக்குப் போன் போட்டாள். எம்.ஏ.வில் கூடப் படித்தவன். கிருஷ்ணகிரிக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் ஆங்கிலத்துறைத் தலைவன்.

“மாதேசு, ஒரு கருத்தரங்கு வையி. ‘இந்திய ஆங்கிலக் கவிதையின் வளர்ச்சி’. சீஃப் கெஸ்ட்ட நான் கூட்டிக்கினு வர்றேன். பேப்பர்லயெல்லாம் பேர் வந்த ஆளு.”

“ஆனியிலயா? பாதிப் பசங்க தோப்புல இருப்பாங்க சம்பங்கி. காய் பறிக்கிற நேரத்துல கவிதைக்கு எவன் வருவான்?”

“பறிச்ச கையோட வரச் சொல்லு. அவங்களுக்காகத்தான் வைக்கச் சொல்றேன்.”

“என்னாத்துக்கு இவ்ளோ வேகம்? அந்தாளு உனக்குச் சொந்தமா?”

“எங்கப்பாவை அவரு அப்பான்னு சொல்றாரு. சொந்தந்தானே?” என்றாள். மாதேஸ்வரன் விளையாட்டுப் பேச்சு என்று நினைத்துச் சிரித்துவிட்டு வைத்தான்.

ஆனியில் கருத்தரங்கு நடந்த அன்றைக்கு ஹால் நிறைந்திருந்தது. இந்தப் பக்கத்தில் சிறப்பு விருந்தினருக்குச் சால்வை போட்டுப் பழத்தட்டு கொடுப்பது வழக்கம். சீசன் நேரத்தில் ஆப்பிள் ஆரஞ்சு எல்லாம் வராது, மாம்பழம்தான். வழக்கமாக வந்ததும் கொடுத்துவிடுவார்கள். சம்பங்கி பழத்தட்டை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்றாள். தட்டை அவளே அடுக்கியிருந்தாள். மேலே பட்டுத்துணி போட்டு மூடியிருந்தது.

சுபாஷ் ஆங்கிலத்தில் பேசினார். அழகாகப் பேசினார், அதையும் மறைக்கக் கூடாது. நம்மவர்கள் ஆங்கிலத்தில் கவிதை எழுதத் தொடங்கிய காலத்தில் இரவல் கோட்டுப் போட்டுக்கொண்டு எழுதினார்கள் என்றார். கொளுத்தும் வெயிலில் உட்கார்ந்து பனியைப் பாடினார்கள், கண்ணால் பார்க்காத பறவையைப் பாடினார்கள். இரண்டாம் கட்டத்தில் தன் தெருவைப் பார்த்தார்கள், ஆனால் வெள்ளைக்காரன் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறானே என்ற கூச்சத்தோடு பார்த்தார்கள். மூன்றாம் கட்டம்தான் நம்முடைய காலம்.

“நம் ஊர்ச் சொல்லை அப்படியே வைப்போம். அடிக்குறிப்பு போடமாட்டோம், மன்னிப்புக் கேட்கமாட்டோம். புரியாதவன் வந்து கற்றுக்கொள்ளட்டும்!”

பாவி, எவ்வளவு சரியாகச் சொல்கிறான் என்று சம்பங்கிக்கே மெய் சிலிர்த்தது. அத்தனையும் சரி. சொன்ன வாய்தான் தப்பு.

பிறகு தலைப்புக் கவிதையை வாசித்தார். அப்பா பெங்களூரை லாரியில் ஏற்றினார் என்றதும் பெண்கள் வரிசையில் இரண்டு பேர் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். மாடுகள் தின்ற இடத்தில் பின்னாலிருந்து ஒரு குரல், “பெங்களூராவா?” என்று முணுமுணுத்தது. சுபாஷ் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தலையசைத்தார்.

சம்பங்கி மைக்கை வாங்கினாள்.

“சார், பசங்களுக்காகத் தமிழ்லயே கேக்கறேன். உங்கப்பா பெங்களூரை லாரியில ஏத்தினாருன்னு எழுதியிருக்கீங்க. என்னாத்த ஏத்தினாரு?”

“கனவுகளை,” என்றார் சுபாஷ். கைதட்டல் வரட்டும் என்று கொஞ்சம் நிறுத்தினார். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த கல்லூரித் தாளாளர் மட்டும் தட்டினார். “ஒரு பெருநகரம் கிராமத்தானுக்குக் காட்டுற ஆசை இருக்கே, அதைத்தான் அவர் சுமந்தார். ஆலை அதை ஏத்துக்கல. கடைசியில ரோட்டுல கொட்டிட்டார்.”

“மாடு எப்புடி சார் அதைத் தின்னும்?”

“அதான் கவிதை! மாடுங்கிறது நம்ம மரபு. மரபு நகரத்தைச் சாப்பிடுது, பாத்துக்கிடுங்க.”

“அந்த வார்த்தைய மாத்தினா கவிதை என்னா ஆவும் சார்? ஒரே ஒரு எழுத்து மாறிச்சுன்னா?”

சுபாஷுக்கு உற்சாகம் தலைக்கேறியிருந்தது. “செத்துப்போகும்!” என்றார். “அந்த வார்த்தையோட ராத்திரி ராத்திரியா நான் மல்லுக்கட்டியிருக்கேன். ஒரு எழுத்தை நகத்த முடியாது. எழுதினவனுக்குத்தான் அதோட அருமை தெரியும்.”

“ரொம்ப சந்தோஷம் சார்.” சம்பங்கி பட்டுத்துணியை எடுத்தாள். தட்டில் வேறு ரகம் எதுவும் இல்லை, ஒரே ரகம். ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். “எங்க ஊருப் பழத்தட்டு. இத உங்க ஊர்ப் பக்கம் என்னான்னு சொல்லுவீங்க?”

அரைமணி நேரமாக ஆங்கிலத்திலும் மேடைத் தமிழிலும் மிதந்துகொண்டிருந்த மனுஷர், பழத்தைப் பார்த்ததும் சொந்த ஊருக்கே போய்விட்டார். வாயெல்லாம் பல்லாக மைக்கில் சொன்னார்: “ஏ, இது கிளிமூக்குல்லா!”

“இங்க என்னா பேருன்னு நீங்களே பசங்களக் கேளுங்க சார்.”

அவர் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. ஹால் முழுக்க ஒரே குரலில் கத்தியது.

“பெங்களூரா!”

அப்புறம் வந்த சிரிப்பு இருக்கிறதே, கூரை பறந்திருக்க வேண்டியது. மேசையைத் தட்டினார்கள், விசில் அடித்தார்கள், மாதேஸ்வரன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான். சுபாஷ் கையில் பழத்தை வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். பழத்தைப் பார்த்தார், புத்தகத்தின் அட்டையைப் பார்த்தார், மறுபடி பழத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் லாரி, ஆலை, மாடு எல்லாம் ஒவ்வொன்றாக ஏறி இறங்குவதைச் சம்பங்கி ஆசை தீரப் பார்த்தாள். அதைப் பார்க்கத்தான் தையிலிருந்து காத்திருந்தாள். இனித்தது. பொய் எதற்கு, அவ்வளவு இனித்தது.

“பெங்களூருக்கு ஸ்பெல்லிங் தெரியலன்னு என்னைத் திருத்தினீங்களே சார்,” என்றாள், சிரிப்பு அடங்கும்வரை நின்று. “நான் ஊரை எழுதல. காயை எழுதினேன். மூணாங்கட்டம்னு இப்பச் சொன்னீங்களே, அப்புடி எழுதினதப் புடுங்கி, முதல் கட்டத்துக்குத் திருத்திப் புத்தகம் போட்டது நீங்கதான். லாரியில ஏத்தினது கோவிந்தப்பன், எங்கப்பா. உங்கப்பா பேங்க் மேனேஜருன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க.”

பிறகு தாள் எதுவும் இல்லாமல் கவிதையை முதலிலிருந்து சொன்னாள். முதலில் தன் ஆங்கிலத்தில் சொல்லி, வரிக்கு வரி தமிழிலும் சொன்னாள். அப்பா பெங்களூராவை லாரியில் ஏற்றினார். வரும் வழியில் பெங்களூராவைச் சாலையில் கொட்டினார். இந்தத் தடவை ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஆலை வாசலில் நின்ற வரிசையை அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் பார்த்திருந்தார்கள். வெட்டி எறிந்த நாலு வரிக்கு வந்தபோதுதான் அவள் குரல் உடைந்தது:

அம்மா மட்டும் சாலைக்குப் போனாள்.
நசுங்காத ஒரு பெங்களூராவைப் பொறுக்கி வந்தாள்.
கீறி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவி அப்பா முன்னால் வைத்தாள்.
நம்ம மரத்துது, தின்னுங்க என்றாள்.

நடு வரிசையில் ஒரு பையன் எழுந்து நின்றான். “எங்கப்பாவும் கொட்டுனாரு மேடம்,” என்றான். அப்படியே உட்கார்ந்துவிட்டான். எத்தனை செல்போன் இதையெல்லாம் பிடித்ததோ, யார் கண்டது. சாயங்காலத்துக்குள் சூளகிரி தாண்டி ஓசூருக்கே போய்விட்டது. வீரலட்சுமி போன் போட்டு, “கிளிமூக்கு, கிளிமூக்குன்னே மூக்கை உடைச்சிட்டியேடி!” என்று கத்தினாள். மறு வாரம் பதிப்பகம் புத்தகத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதும், பரிசுக்காரர்கள் அவர் பெயரை எடுத்ததும் வேறு சங்கதி.

அன்றைக்குக் கூட்டம் கலைந்ததும் கல்லூரி போர்ட்டிகோவில் சுபாஷின் கார் வந்து நின்றது. வழியனுப்ப யாரும் வரவில்லை. சம்பங்கி மட்டும் பழத்தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சுபாஷ் அவளைப் பார்க்காமலே பேசினார். குரலில் மேனேஜர் இல்லை.

“அன்னைக்கு என் ரூமுக்கு வந்தீங்கள்லா. அப்பமே தெரிஞ்சிருக்கு உங்களுக்கு. இத்தனை பேர் முன்னாடி என் மானத்தை வாங்கணுமா? இது ஊர் இல்ல, மாங்கான்னு அன்னைக்கே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சம்பங்கி.”

சம்பங்கி பின்சீட்டில் தட்டை வைத்தாள். துணியை ஒழுங்காக இழுத்து மூடினாள். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்:

“நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்.”